டாக்டரம்மாவிடம் சொன்ன தேதி

ஸ்கேன் மெஷின் மதுரைக்கு வந்த புதிதில், என் வயிற்றுப் பிள்ளை மாதத்தை மீறி வளர்ந்திருப்பதாக அது சொல்லிவிட்டது. அப்போது மாசி. நான் கொடுத்த கணக்குப்படி ஆறு முடிந்து ஏழு. தலைச்சன் வேறு. டாக்டரம்மா இனிப்பை நிறுத்தினார், சோற்றைப் பாதியாக்கினார். இரண்டு வாரம் கேழ்வரகுக் கூழைக் குடித்து நான்தான் இளைத்தேன். பிள்ளை இளைக்கவில்லை.

அது இளைக்காது என்று எனக்குத் தெரியும். தேதியில் ஒரு மாதத்தை நான் விழுங்கியிருந்தேன். எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; ஆடியில் உண்டானால் பிள்ளை சித்திரையில் பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். நானும் விளாங்குடியிலிருந்து பரவைக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு ஆடி ஆடியாகத் தெரியவில்லை. மாமியாரான அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஒரு மாதம் தள்ளிச் சொன்னேன்.

இரண்டாவது ஸ்கேனுக்கும் அத்தைதான் கூட வந்தார். மூன்று செம்பு தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, இப்படியே போனால் நாலு கிலோவைத் தாண்டும், ஆபரேஷனுக்குத் தயாராக இருங்கள் என்றார். கத்தி என்றதும் மானமாவது மண்ணாவது.

"டாக்டரம்மா, நான் தேதியத் தப்பாச் சொல்லிட்டேன். ஒரு மாசம் முன்னாடி."

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். நான் சுவரைப் பார்த்தேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எனக்கும் அப்பவே சந்தேகந்தான். காய் வாங்கப் போறேன்னு எம்மவன் ஆடி பூரா பரவை மார்க்கெட்டுக்குப் போனான். ஒரு கத்திரிக்கா கொண்டாரல."

டாக்டரம்மா சிரிக்காமல் கணக்கைத் திருத்தினார். திருத்திய கணக்கில் பிள்ளை சரியான அளவில் இருந்தது. ஆபரேஷன் பேச்சு போயிற்று. பஸ்ஸை விட்டு விளாங்குடியில் இறங்கும்போது, இனி வயிறாரச் சோறு தின்னு என்றார் அத்தை.

சித்திரையில் மகள் பிறந்தாள். சுகப்பிரசவம், மூன்று கிலோ. பார்க்க வந்த உறவுக்காரர்கள் மாதத்தை எண்ண விரலை மடக்குவதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"இது வைகாசிப் பிள்ள. அவசரப்பட்டு முன்னாடியே வந்துருச்சு."

கொழுகொழுவென்று கிடந்த குறைமாசப் பிள்ளையை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவரும் விரலை மடக்கவில்லை. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நிம்மதியாக அழுதேன்.