கூட்டம் சேர்த்த அண்ணி

வியாபாரிகள் சங்கத்தின் மாடியில், தண்ணீர்க் கேனுக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் காலையில் அங்கே உட்கார்ந்து, விளம்பரத்துக்குச் செலவழிக்க முடியாத கடைக்காரர்களுக்கு யோசனை சொல்வது அவள் வேலை. முன்பு விளம்பரக் கம்பெனி ஒன்றில் இருந்தவள். அவர்கள் ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தாள். யார் வந்தாலும் முதலில் கடை போர்டின் போட்டோவைக் காட்டச் சொல்வாள். அதனால் எல்லோருக்கும் அவள் ‘போர்டக்கா’.

போர்டில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் வேண்டாம் என்பாள். கடைக்கு ஒரே நிறம் போதும். கண்ணாடியைத் துடையுங்கள், அதற்குச் செலவே இல்லை. வந்தவர் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பஞ்சர் கடைக்கும் இதையே சொன்னாள், கேக் கடைக்கும் இதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி, தன் குரலே பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி அவளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, போர்டு இலவசமாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

அவள் நாத்தனார் அடுத்த தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் துணி ஆல்டரேஷன் செய்துகொண்டிருந்தாள். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் இடம். பெரிய துணிக்கடைக்காரர்கள் பேன்ட் உயரத்தைத் தாங்களே இலவசமாகக் குறைத்துத் தர ஆரம்பித்ததும், நாத்தனார் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது கணவன் சொன்னான்: “ஊர்ல இருக்குற கடைக்கெல்லாம் வழி சொல்ற. என் தங்கச்சி கடை மட்டும் உன் கண்ணுல படலையா?”

சுருக்கென்றிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே போனாள். கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள். கடைக்குச் சின்னதாக ஒரு பெயர் வைத்து, அதையும் போன் நம்பரையும் நாடாவில் அச்சடித்து, தைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு துணியின் உள்பக்கத்திலும் வைத்துத் தைக்கச் சொன்னாள். கிழிந்த சட்டையையும் தைத்த பிறகு அதே சட்டையையும் படமெடுத்து, தினமும் வாட்ஸப்பில் போட்டாள். பக்கத்து லேடீஸ் ஹாஸ்டல் வார்டனிடம் போய்ப் பேசினாள். மொத்தச் செலவு ஒரு பெயின்ட் டப்பாவும் நாடாச் சுருளும்தான்.

பலித்தது. அவள் சொன்ன எந்த யோசனையும் இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை. படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். பை பையாகத் துணி வந்தது. சங்கத்தில் எல்லோரிடமும் அந்தக் கடையையே உதாரணமாகச் சொன்னாள். கணவனுக்கும் வாயெல்லாம் பல்.

நாத்தனார்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். உதவிக்கு ஆள் வைக்கலாமென்றால் இன்னொரு மெஷின் போட இடமில்லை. சொன்ன தேதிக்குத் துணி தர முடியவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டியவர் ஒருவர், பேன்ட் தயாராகவில்லை என்று வாசலில் நின்று கத்தினார். பிறகு கடையைப் பற்றி இணையத்திலும் மோசமாக எழுதினார். அவருக்குக் கிடைக்க இருந்த வேலையே போய்விட்டதோ என்னவோ, யாரும் விசாரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் போர்டக்கா போனபோது மஞ்சள் கதவு பாதி சாத்தியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். துணிக் குவியல்மேல் நாத்தனார் சாய்ந்து கிடந்தாள். கழுத்தில் வலிநிவாரணிப் பட்டை. டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை. என்ன ஆச்சு என்று பதறிக் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, ஆளைக் கூட்டிட்டு வர உங்களுக்குத் தெரியுது. திருப்பி அனுப்பத் தெரியுமா?”

போர்டக்காவிடம் இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. டிபன் பாக்ஸைத் திறந்து நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் வாட்ஸப்பில் படம் போடுவதை நிறுத்தினாள். ‘ஜிப் மாற்றுதல், உயரம் குறைத்தல் மட்டும்’ என்று கதவில் எழுதி வைத்தார்கள். மற்ற வேலைகளுக்கு மார்க்கெட் பக்கம் இருந்த இன்னொரு தையல்காரரைக் கைகாட்டிவிட்டார்கள். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நாடாவில் இருந்த நம்பர் ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்ததால் போன் மட்டும் ஓயவே இல்லை. முடியாது என்று சொல்வதற்கு நாத்தனாருக்குக் கூச்சமாக இருந்தது. மத்தியானங்களில் போர்டக்காவே போனை வாங்கிக்கொண்டு, வந்த அழைப்புகளுக்கெல்லாம் முடியாது என்று சொன்னாள். மெல்லக் கூட்டம் வடிந்தது. முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேலை இருந்தது. அது போதும் என்றாள் நாத்தனார். கழுத்து வலி மட்டும் முழுசாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு சங்க மேஜைக்குக் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் வந்தார். வியாபாரத்தைப் பெருக்க வழி கேட்டார். அவள் போர்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தா உங்களால தாங்க முடியும்?”

ஊசி போடாத டாக்டரைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார் அவர். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனார். திரும்ப வரவில்லை. அந்த மாதம் அவள் மேஜைக்கு வந்தவர்கள் குறைவு என்று செயலாளர் கூப்பிட்டுச் சொன்னார். அவள் சரி என்று கேட்டுக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை.