பனி குடித்த துவக்கு

மான் சுட்ட கதையை நான் முதன்முதலில் சொன்னது புலம்பெயர்ந்து வந்த ஹம் நகரத்து வீட்டுக் குசினியில், சோறு வேண்டாமென்று அடம்பிடித்த என் மகளுக்கு. வன்னிக் காட்டோரம், குளக்கரை, பனி, பத்து வயதுப் பையன், அவனைவிட உயரமான இடியன் துவக்கு, எதிரே ஒரு கொம்புமான். ஒரே வெடி. மான் விழுந்தது, மகளும் சோற்றை விழுங்கினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் நிறுத்தவில்லை. பிறந்தநாள் வீடுகளிலும் கோயில் திருவிழா அன்னதான வரிசையிலும் அந்தக் கதையை யாராவது கேட்பார்கள், நானும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் மானின் கொம்பில் ஒரு கிளை கூடியது. அந்தப் பையன் நான்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சொல்லச் சொல்ல எனக்கும் ஐயம் போய்விட்டது.

மகள் வளர்ந்து, படித்து, இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளரானாள். ஒருநாள் வந்து, தான் வேட்டைக்கான பரீட்சை எழுதித் தேறி யாக்ட்ஷைன் என்ற வேட்டை அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். "அப்பான்ரை ரத்தம் சும்மா கிடக்குமே?" என்று சிரித்தாள். மரக்கறி மட்டும் உண்ணும் மருமகன் என்னைப் பார்த்த பார்வையில், இதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு என்று எழுதியிருந்தது.

சிக்கல் சென்ற இலையுதிர்காலத்தில் வந்தது. கனடாவில் என் சித்தப்பாவின் மகன் இருக்கிறான். அங்கே குழாயின் வாய்வழியே வெடிமருந்து போட்டு நிரப்பும் துவக்குக்கென்றே மான் வேட்டையில் தனிப் பருவம் உண்டாம். வா என்று அவன் மகளை அழைத்துவிட்டான். எந்தத் துவக்கு நல்லதென்று இங்கேயே பார்த்துத் தேர்ந்து, சுடும் கழகத்தில் கொஞ்சம் பழகிக்கொண்டு போக வேண்டுமென்பது அவள் எண்ணம். தேர்ந்து கொடுக்க இடியன் துவக்கால் மான் சுட்ட ஒரு நிபுணர் வீட்டிலேயே இருந்தார்.

துவக்கைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது சிறிய கவலை. சித்தப்பா மகனின் வீட்டில் போயிருந்து அவள் அந்தக் கதையைச் சொல்வாள் என்பதுதான் பெரிய கவலை. ஏனென்றால் நடந்ததில் பாதியாவது அறிந்த வீடு இன்று அது ஒன்றுதான்.

டோர்ட்மண்டில் ஒரு துவக்குக் கடை. விற்பனையாள் மேசையில் பச்சைத் துணி விரித்து மூன்று துவக்குகளைக் கிடத்தினார். ஒன்று பழைய மாதிரி. மரப்பிடி, விசையை இழுத்தால் அடிக்கும் குதிரை வெளியே தெரியும். மற்ற இரண்டும் புது மாதிரி. மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு உள்ளே, குழாயின் பின்பக்கத்தில் நேர்கோட்டில் இருக்கும். மழையோ பனியோ தொடாது. ஒன்றுக்குக் கறுத்தப் பிளாஸ்டிக் பிடி, துருப்பிடியாத குழாய், பின்பக்க அடைப்பைக் கையாலேயே கழற்றிக் கழுவலாம். மற்றது அதே வகைதான், ஆனால் குழாய் நீளம், பாரமும் கூட.

"சொல்லுங்கோ அப்பா, எதை எடுக்கிறது?"

நான் மரப்பிடியைத் தடவிப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக் குழாய்க்குள் பார்த்தேன். தெரிந்தவன்போல் "ம்ம்" என்றேன்.

"இது ஆயிரத்தெண்ணூறாம் ஆண்டுச் சாமான்" என்று மகள் அதை ஒதுக்கினாள். "உங்கடை காலத்திலை பனி பெய்தால் என்ன செய்வியள்? மருந்து நனையாதே?"

பனி என்ற சொல் என்னை வன்னிக்கே கொண்டுபோய்விட்டது. உண்மையில் நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டில் இடியன் துவக்கு இருந்தது. ஆனால் அது சித்தப்பாவினுடையது. மருந்தைக் குழாயின் வாய்க்குள் கொட்டி, தேங்காய்த் தும்பை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயக் குண்டைப் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடிக்க வேண்டும். அதனால்தான் இடியன். கடைசியில் பின்னாலுள்ள குமிழில் ஒரு செப்புக் கேப்பைச் செருகினால் ஆயத்தம். வன்னியில் புதிதாகக் காடு வெட்டிக் குடியேறிய எங்கள் பக்கத்தில் சித்தப்பா பெரிய வேட்டைக்காரர் என்று பேர். துவக்கோடு பின்னேரம் போவார், விடியத் தேக்கிலையில் சுற்றிய மான் இறைச்சியோடு வருவார். முழு மானை நான் கண்டதில்லை. கூடப் போனவர்களோடு பங்கு பிரித்துவிடுவதாகச் சொல்வார். எங்கள் வீட்டு நெல்மூட்டை ஒன்று குளத்துக்கு அக்கரையில் இருந்த வேட்டைக்காரன் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடப்பதை ஒருமுறை கண்டேன். கைமாற்றாக வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். துவக்கைத் தொட்டால் சித்தப்பாவின் கை நடுங்கும். பன்றி கலைக்க வெடி வைக்கக் கேட்டால்கூட அயலாரிடம் நீட்டிவிடுவார். வேட்டைக்காரனின் கை வேட்டைக்குத் துடிக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லியுமிருந்தேன்.

சித்தப்பாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பெண்ணை அவர் ஒரு கலியாண வீட்டில் தூரத்திலிருந்து பார்த்திருந்தார்; அன்றிலிருந்து தலைக்கு நல்லெண்ணெய்க்குப் பதிலாக வாசனை எண்ணெய் வைத்தார். பெண்ணின் தகப்பன் இளைப்பாறிய ஸ்டேசன் மாஸ்டர். காட்டுக்குள் பெண்ணைக் கொடுப்பதா என்று அவருக்குத் தயக்கம். தரகர் அவரைச் சமாளிக்க, மாப்பிள்ளை புலியை விரட்டும் வேட்டைக்காரர் என்று அளந்துவிட்டிருந்தார். மாஸ்டர் நேரில் பார்க்க வந்து இறங்கினார். இறங்கியதும் கேட்டது காணியை அல்ல.

"தம்பி, நாளைக்கு விடிய என்னையும் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போம். நீர் சுட்ட இறைச்சியிலைதான் மத்தியானச் சாப்பாடு."

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. அம்மா உள்ளே போய்ப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்.

அன்று பின்னேரம் துவக்கு நிரப்பும் வேலையை, என் நச்சரிப்புத் தாங்காமல், சித்தப்பா என்னிடம் விட்டார். அவர் வேலியோரம் போவதும் வருவதுமாக இருந்தார். நான் மருந்தை அளவுக் குப்பியில் எடுத்தேன். எடுத்தவன் குழாய்க்குள் கொட்டவில்லை. காகிதத்தில் மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பழைய பூட்டுச் சாவியின் துவாரத்துக்குள் மருந்தடைத்து, ஆணியால் குத்தி மதிலில் அடித்து வெடி வைப்பது அப்போது எங்கள் வகுப்பில் பெரிய வீரம். நானோ தீக்குச்சி மருந்துக்குக்கூட வழியில்லாதவன்.

சித்தப்பாவைக் கவிழ்க்க வேண்டுமென்று நான் நினைக்கவேயில்லை. சத்தம் போடுவது கேப்புத்தானே, குண்டைத் துரத்துவதும் அதுதானாக்கும், மருந்து சும்மா புகைக்குப் போடுவது என்று என் அறிவு அன்று சொன்னது. தும்பையும் குண்டையும் மட்டும் போட்டு, ஊருக்கே கேட்கும்படி இடித்தேன்.

விடியற்காலை முற்றத்தில் மூன்றுபேரும் நின்றோம். மாஸ்டர் மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு பிளேன் ரீ குடித்தார். சித்தப்பா கம்பியை எடுத்துக் குழாய்க்குள் மெதுவாக இறக்கினார். அந்தக் கம்பியில் ஓரிடத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். கோயிலில் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் கட்டும் காப்புநூல் என்று எண்ணியிருந்தேன். நூல் குழாயின் வாய்க்குள் போய் மறைந்தது. சித்தப்பா குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை காற்சட்டைப் பையைப் பொத்திக்கொண்டிருந்தது.

கம்பியை வெளியே இழுத்து அதன் இடத்தில் செருகினார்.

"சரி ஐயா, போவம்" என்றார். குரலில் ஓர் உற்சாகம் இருந்தது.

குளக்கட்டுக்குக் கீழே புதருக்குள் இருந்தோம். மாஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இண்டைக்கு மான் லேற்றோ?" என்று காதுக்குள் கேட்டார். சித்தப்பா வாயில் விரல் வைத்தார். அப்போதுதான் அது வந்தது. புள்ளிமான், ஆண், நல்ல கொம்பு. தண்ணீரில் வாய் வைத்துக் குடித்தது. சித்தப்பா எழுந்தார். துவக்கைத் தோளில் பதித்து, ஒரு கண்ணை மூடி, கோயில் சிலைபோல் நின்றார். எவ்வளவு நேரம்! மான் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு விசையை இழுத்தார்.

டப்.

சோளப்பொரி வெடித்த அளவு சத்தம். மான் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, காதை ஒருமுறை அசைத்தது, துள்ளி மறைந்தது.

"என்ன தம்பி இது?"

"மருந்து பனி குடிச்சிட்டுது ஐயா" என்றார் சித்தப்பா.

வரும் வழியெல்லாம் பைக்குள் இருந்த பொட்டலம் நெருப்பாய்ச் சுட்டது. அதைக் கிணற்றுக்குள் போட்டேன். மத்தியானம் பூசணிக்காய்க் கறியும் பருப்பும். கலியாணம் குழம்பிவிட்டது, குழப்பியவன் நான் என்று நினைத்துச் சோறு இறங்கவில்லை. மாஸ்டர் மட்டும் இரண்டாந்தரம் கறி கேட்டு வாங்கினார். கைகழுவி வந்து அம்மாவிடம் சொன்னார்: "பிள்ளை, என்ரை சேவிசிலை ஒரு ரெயில் பிந்தினால் எத்தினை பேரை ஏசுவாங்கள் எண்டு பாத்தனான். உம்மடை மச்சானுக்குக் கோவமே வரேல்லை. சின்னப் பொடியன் நிரப்பின துவக்கு. அவனை ஒரு சொல் சொல்லேல்லை. கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ."

கலியாணம் நடந்தது. ஆனால் மாஸ்டர் போகிற வழியெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டு போனார். அதன்பின் சித்தப்பாவின் பேர் 'பனிகுடிச்சான்' ஆகிவிட்டது. சந்தையில், சங்கக் கடையில், கடைசியில் சித்தியின் வாயிலும் அதே பேர். "பனிகுடிச்சான், தேத்தண்ணி குடிக்க வாங்கோ" என்று சித்தி கூப்பிட, அவர் சிரித்துக்கொண்டே வருவார். பனியல்ல, நான்தான் என்று சொல்ல எனக்குப் பலமுறை சந்தர்ப்பம் இருந்தது. சொல்லவில்லை. அவர் இறந்துபோன செய்தி தொலைபேசியில் வந்தபோது நான் ஹம்மில் இருந்தேன். அப்போதும் சொல்லாதவனாகவே இருந்தேன். அதற்கும் முன்னதாக, அவருடைய காலையையும் குளத்தையும் மானையும் எடுத்து, டப் என்ற சத்தத்தைப் பெருவெடியாக்கி, என் பேரில் எழுதிக்கொண்டுவிட்டேன்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ."

மகள் பாரம் குறைந்த புதுத் துவக்கின் குழாய்க்குள் அதன் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தாள். கம்பியில் இரண்டு இடத்தில் வெள்ளைக் கோடு.

"மேல் கோடு வெறும் குழாய்க்கு. கீழ்க் கோடு நிரப்பினாப் பிறகு. கம்பி எவ்வளவு உள்ளை போகுது எண்டு பாத்தால் போதும், மருந்து இருக்கோ இல்லையோ எண்டு சுடமுதலே தெரியும். ஆக்கள் மருந்து போட மறந்து குண்டை மட்டும் போட்டிடுவினமாம். கோர்ஸிலை முதல் நாளே சொல்லித் தந்தவை. உங்கடை இடியனிலையும் ஏதும் அடையாளம் இருந்திருக்குமே?"

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னப்பா, தலை சுத்துதோ? இருங்கோ, கதிரை கொண்டரட்டே?"

"ஒரு நூல் இருந்தது" என்றேன். "சிவப்பு நூல்."

அந்தக் கடையிலேயே, கதிரையில் இருந்துகொண்டு, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். விற்பனையாளுக்குத் தமிழ் தெரியாது; எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மகள் முதலில் நம்பவில்லை. பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்ப நான் சோறு திண்டது பொய்க்கோ?" என்றாள். ஓம் என்றேன். கனடாவில் நீயே சொல்லிவிடு, பனியல்ல, அப்பான்ரை வேலை என்று சொல் என்றேன். அது ஏலாது, தொலைபேசி எடுத்து நீங்களே சொல்லுங்கோ என்றாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். மறுமுனையில் சித்தப்பாவின் மகன் சிரித்த சிரிப்பு சித்தப்பாவின் சிரிப்பேதான்.

துவக்கு விஷயத்தில், கோடு போட்ட கம்பியோடு இருந்த அந்தப் பாரம் குறைந்ததையே எடு என்றேன். அவள் ஏற்கெனவே அதைத்தான் தேர்ந்துவைத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

சித்தப்பா நூலைப் பார்த்தார். குழாய்க்குள் மருந்தில்லை என்று அறிந்தார். அறிந்துகொண்டே மாமனாரையும் என்னையும் காட்டுக்குக் கூட்டிப்போனார். என்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்கவா, ஒரு மானையும் சுட்டறியாத தன்னைக் காட்டிக்கொடுக்காமலிருக்கவா, இல்லை அந்த மானுக்காகவா? இனிக் கேட்க முடியாது. ஆனால் குளக்கரையில் அவர் குறிபார்த்து நின்ற அந்த நேரம் முழுவதும் நான் அவருக்குப் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்று அவருடைய கை நடுங்கவேயில்லை.