காவேரி அக்காவின் நீள விசில்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி யார்டில் முப்பத்தெட்டு பஸ் நிற்கும். மதியம் ரெண்டரைக்கு ஷிப்ட் விட்டால் இருபது நிமிஷத்தில் அத்தனையும் ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, கேட்டைத் தாண்டியாக வேண்டும். ஓட்டுகிறவர்கள் நாங்கள்தான். ஆனால் யார் எப்போது நகரவேண்டும் என்று முடிவுசெய்வது செக்யூரிட்டி காவேரி அக்காவின் விசில். நீளமாக ஊதினால் வா. விட்டு விட்டு ஊதினால் நில். பன்னிரண்டு வருஷமாக என் பஸ்ஸின் பின்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. அதெல்லாம் இந்தப் பரசுராமனின் திறமை என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். வீட்டில் மட்டும்தான் சொல்ல முடியும்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது, பக்கத்து கிராமம்தான். சின்ன வயசிலிருந்தே வீசிங். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் "நீ உக்காரு." கோ-கோ என்றால் "நீ உக்காரு." பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருமலைப் பல்லைக் கடித்து அடக்கியதில் முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டதாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே பூரிப்பு, பொண்ணுக்கு எவ்வளவு வெட்கம் என்று.

"கண்ணாலத்துக்கு அப்பறம்தான் அவுருக்குத் தெரிஞ்சிச்சி, அது வெக்கம் இல்ல, இழுப்புன்னு" என்று சொல்லிவிட்டு அக்காவே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அப்படிப்பட்டவர் கையில் ஏஜென்சிக்காரர்கள் விசிலைக் கொடுத்தார்கள். "மூச்சு வுடவே லாயக்கில்லன்னாங்கோ. இப்ப நான் ஊதினாதான் முப்பத்தெட்டு பஸ்ஸும் நவுருது, பாத்தியா?" அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

போன கார்த்திகையில் மழை விட்டுப் பனி இறங்கியதும் இழுப்பு கூடிப்போனது. ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் நர்ஸ் ஜூலிதான் வற்புறுத்தி டாக்டரிடம் அனுப்பிவைத்தார். டாக்டர் தினமும் ரெண்டு வேளைக்குக் கேப்சூலும், அவசரத்துக்கு வாயில் அடித்துக்கொள்ள ஒரு நீலப் பஃப்பும் எழுதிக்கொடுத்தார். இருபது நாள் ஆகியும் ஒரு முன்னேற்றமும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் சேர்ந்து வெடித்தது. அக்கா "வா" என்று நீளமாகத்தான் ஊத ஆரம்பித்தார். பாதியில் மூச்சு அறுந்தது. மறுபடி ஊதினார். மறுபடி அறுந்தது. எங்கள் காதுக்கு அது "நில்". நின்றோம். முன்னால் ஹாரன், பின்னால் ஹாரன், ஜன்னலெல்லாம் தலை. இருபது நிமிஷ வேலை முக்கால் மணி நேரம் இழுத்தது. தாம்பரம் போகிற கம்பெனிப் பிள்ளைகள் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அடேயப்பா!

செக்யூரிட்டி சூப்பர்வைசர் சுபாஷ் நல்ல மனுஷன். அவனுக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறது அல்லவா? "அக்கா, ஒண்ணாந்தேதிலேர்ந்து நீங்க லேடீஸ் பேக் செக்கிங் ரூம். உக்காந்து பாக்குற வேலைதான்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "நீயும் என்னைக் குந்துன்னு சொல்றியா சுபாஷு?"

அவன் கையிலிருந்த டூட்டி சார்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் குடு. அன்னிக்கு ஒரே ஒரு விசில் ஒடைஞ்சாலும் நானே போயி குந்திக்கிறேன்" என்றார். அவன் தலையாட்டினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு நேராக ஜூலியிடம் போய்க் கத்தினேன். "இன்னா சிஸ்டர் மருந்து அது? தண்ட மருந்து!"

ஜூலி அசரவில்லை. "எப்படி எடுத்துக்குறீங்க காவேரிக்கா? என் முன்னாடி எடுத்துக் காட்டுங்க."

அக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்து வாயில் போட்டார். என் பாட்டிலைப் பிடுங்கி மடக்கென்று தண்ணீர் குடித்தார். "ரெண்டு வேளை. ஒரு வேளைகூட தப்பினதில்ல."

ஜூலி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ அக்கா! அது முழுங்குற கேப்சூல் இல்ல. உள்ள இருக்கிற பவுடரை நெஞ்சுக்குள்ள இழுக்கணும். கூட ஒரு பிளாஸ்டிக் குழல் குடுத்தாங்களே, அது எங்க?"

"அதுவா? விசிலுன்னு நெனச்சேன். ஊதிப் பாத்தேன், சத்தமே வரல. வேஸ்ட்டுன்னு ஆணில மாட்டி வச்சிகீறேன்."

"டாக்டர் சொல்லித் தரலியா?"

"அவுரு சொன்னாரு. நான்தான் ரெண்டரை ஷிப்டுக்கு லேட்டாயிடும்னு பாதில ஓடியாந்துட்டேன்."

நல்லவேளை, முழுங்கியதில் கெடுதல் ஒன்றும் இல்லையாம். மறுநாள் குழல் வந்தது. கேப்சூலை உள்ளே போடு, திருகு, உதட்டால் இறுக்கிப் பிடி, வேகமாக இழு, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துக்கொள் என்று ஜூலி பொறுமையாகச் சொன்னார். அக்கா எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஊதிவிட்டார். அத்தனை பவுடரும் என் காக்கிச் சட்டையில்.

"ஊதாதீங்க, உறிஞ்சுங்க!" என்று ஜூலி கத்தினார். நாலாவது நாள்தான் சரியாக வந்தது. முடிந்ததும் வாய் கொப்புளிக்க வேண்டும் என்றதை மட்டும் முதல் நாளே கற்றுக்கொண்டார். அவர் கொப்புளிக்கிற சத்தம் கேன்டீன் வரை கேட்கும்.

"எப்போ ஜாஸ்தியாகுது?" என்று ஜூலி கேட்டபோது அக்கா என்னைப் பார்த்துத் தயங்கினார். "ரெண்டேகாலுக்கு. இவுனுங்கோ ஏசிக்காக இன்ஜினை ஓட வுட்டுகினு தூங்குறானுங்களே, அந்தப் பொகைல."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் அப்படித் தூங்குகிறவன் நான்தான். மருந்தைத் திட்டத் தெரிந்தவனுக்குத் தன் பஸ்ஸின் புகை தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து அக்கா ஊதாமல் யாரும் சாவியைத் திருகக் கூடாது என்று நானே எல்லா பஸ்ஸுக்கும் போய்ச் சொன்னேன். தென்காசிப் பக்கத்து இசக்கிபாண்டி மட்டும் முனகினான். "யக்கா, வேர்த்து ஊத்துதுல்லா!"

"வேர்த்தா தொடச்சிக்கோ. மூச்சு நின்னா நான் எத்த வச்சித் தொடைக்கிறது?" என்றார் அக்கா. அவன் சிரித்துக்கொண்டே இன்ஜினை அணைத்தான். யார்டைக் கூட்டுகிற நேரத்தில் அக்கா மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். நீலப் பஃப் எப்போதும் சட்டைப்பையில். ராத்திரி இருமாமல் தூங்குகிறேன் என்று ரெண்டாவது வாரம் வந்து சொன்னபோது எனக்கே ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்.

மாதக் கடைசி. சுபாஷ் வாட்சைப் பார்த்துக்கொண்டு கேட்டருகே நின்றான். ஒவ்வொரு பஸ்ஸாக விசில் கேட்டு வெளியே போனது. முப்பத்தேழு முடிந்து, கடைசியாக என் பஸ்.

கண்ணாடியில் அக்கா தெரிந்தார். நீள விசில் கிளம்பியது. ரிவர்ஸ் எடுத்தேன். பாதி தூரம் வந்ததும் என் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. விசில் மட்டும் நிற்கவே இல்லை.

அக்கா ஓடிவந்து பஸ்ஸைத் தட்டினார். "யோவ் பரசு! வான்னுதானே ஊதறேன்? காது அவுட்டா? இன்னாத்துக்கு நிக்கிற?"

"இந்த எடத்துலதான்க்கா டெய்லி விசில் ஒடையும்" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். கண் கலங்கியது. இந்தத் தடவை அது இழுப்பு இல்லை.

"பேக் செக்கிங்குக்கு வேற ஆள் பாத்துக்குறேன்க்கா" என்று கேட்டிலிருந்து சுபாஷ் கத்தினான்.

"போடா டேய்" என்று அவனுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு விசிலை மறுபடி வாயில் வைத்தார். நான் ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறினேன். அப்போதும் ஊதிக்கொண்டுதான் இருந்தார். யார்டில் நகர்த்த ஒரு பஸ்கூட மிச்சமில்லை.