கோணப்பாலத் தோட்டத்துப் புத்தகம்

பழைய குடிக்கணக்குப் புத்தகங்களில் தங்கள் குடும்பத்தைத் தேட முடியுமா என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். எல்லாரும் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் புத்தகங்களில் பெயரைக் கொண்டு ஆளைத் தேட முடியாது, வீட்டைத்தான் தேட முடியும். இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப எங்க தாத்தா பேரு எந்தப் பக்கத்துல இருக்கும்?" என்று கேட்பார்கள்.

நான் இரண்டு கணக்கெடுப்புகளில் வேலை பார்த்தவன். முதலாவது வந்தபோது கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். எங்கள் தோட்டத்தோடு அக்கம்பக்கத்துத் தோட்டங்கள் இரண்டையும் எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. கணக்கெடுப்புக்கு முன்னால் தார் டின்னும் பிரஷுமாக, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் போய் ஒவ்வொரு கதவிலும் ஓர் எண் போட வேண்டும். பிறகு அந்த எண் வரிசையிலேயே வீடு வீடாகப் போய்ப் புத்தகத்தில் எழுத வேண்டும். வீட்டுத் தலைவன் பெயர், அவனுக்குக் கீழே மனைவி, பிள்ளைகள், ஒட்டிக்கொண்டு இருப்பவர்கள். ஆணா பெண்ணா, வயது, இனம், பிறந்த ஊர், தொழில். ஒரு வீடு முடிந்தால் ஒரு வரி இடம் விட்டு அடுத்த வீடு. ஒரு தோட்டத்துக்கு ஒரு புத்தகம். தோட்டங்கள் சேர்ந்து முக்கிம், முக்கிம்கள் சேர்ந்து மாவட்டம் என்று கயிறு போட்டுக் கட்டிக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிடுவோம்.

அங்கே ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு என்று பிரித்து எழுதுவார்கள். அந்தச் சீட்டில் வயது ஏறும், இனம் ஏறும், தொழில் ஏறும், பெயர் ஏறாது. எத்தனை தமிழர், எத்தனை சீனர் என்று தெரிய வேண்டிய அரசாங்கத்துக்குப் பெயர் எதற்கு?

எண்ணும்போது எங்களுக்கு ஓர் உத்தரவு இருந்தது. வீட்டில் இருப்பவர் சொல்வதை எழுது, வாதாடாதே. எனக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று. எங்கள் ஜனங்களுக்குப் பெற்ற பிள்ளைகளை எண்ணிச் சொல்ல வாய் வராது. எண்ணினால் கண் பட்டுவிடும், எமன் காதில் விழுந்துவிடும் என்று பயம். இரண்டைப் புதைத்துவிட்டு மூன்றாவதை இடுப்பில் வைத்திருப்பவளிடம் போய், "உனக்கு எத்தனை பிள்ளை?" என்று ஒருவன் பேனாவோடு நின்றால் அவள் என்ன செய்வாள்? குழந்தையைப் பின்வாசல் வழியாக யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவாள். நான் உள்ளே நுழையும்போது விட்டத்தில் சேலைத் தூளி காலியாக ஆடிக்கொண்டிருக்கும். "பிள்ளை இல்லைங்க சாமி" என்பாள். நானும் இல்லை என்று எழுதிக்கொள்வேன். இன்னும் நாற்பது வீடு பாக்கி இருக்கும், பசி வயிற்றைக் கிள்ளும். சாயங்காலம் டீக்கடையில் எண்ணுகிறவர்கள் கூடினால், "இன்னைக்கு எத்தனை தூளிய்யா?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்து வருடம் கழித்து இரண்டாவது கணக்கெடுப்பு வந்தபோது நான் தோட்டத்தை விட்டிருந்தேன். குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸில், வேலை கோலாலம்பூரில் கணக்கெடுப்பு ஆபீஸில். அதுவும் தற்காலிக வேலைதான். ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த நேரம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள். குறைத்தவர்களை இலவசக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வேலை கையில் இருந்தவனெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் அப்படித்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை, நான் ஆபீஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். புருஷன் செந்தூல் ரயில்வே பட்டறையில் கூலி வேலை செய்தவன், போன மாதம் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை இருவருக்கும் கப்பல்.

"ஐயா கணக்கு ஆபீஸ்ல இருக்கீங்களாமே. எல்லார் பேரும் அங்க இருக்காமே. எந் தம்பி எங்க இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பிறந்தது கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில். தகப்பன் காய்ச்சலில் போய்விட்டான். இவளுக்குப் பத்து வயதாகும்போது தாயும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் இருந்த அத்தை வந்து, வீட்டு வேலைக்கு ஆகும் என்று இவளை மட்டும் அழைத்துக்கொண்டாள். இரண்டு வயதுத் தம்பியைப் பக்கத்து வீட்டுக்காரி வைத்துக்கொள்வதாகச் சொன்னாளாம். அத்தை பிறகு இவளை அந்தப் பக்கமே விடவில்லை. இப்போது அத்தையும் செத்துப்போனாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க பேரு என்ன?"

"அக்கான்னுதான் கூப்பிடுவோம். பேரு தெரியாதுங்க."

"தோட்டம்?"

"கோணப்பாலத் தோட்டம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிள்ளான் கடைத்தெருவில் போய் இரண்டு முறை விசாரித்தாளாம், யாருக்கும் தெரியவில்லையாம். எப்படித் தெரியும்? கோணலான மரப்பாலம் ஒன்று இருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் அது. காகிதத்தில் அந்தத் தோட்டத்துக்கு ஏதோ ஒரு சீமைப் பெயர். இரண்டு பெயரும் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள்தான். நான் அங்கே தார் டின்னோடு நடந்தவன்.

புதுப் புத்தகங்களில் பையனைத் தேடுவது ஆகாத காரியம். அவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் பக்கத்தைப் புரட்ட முடியும், அது தெரிந்தால் புத்தகமே வேண்டாம். ஆனால் பழைய புத்தகம் ஒன்றுக்கு உதவும். வீட்டு வரிசையில் எழுதியது என்பதால் பக்கத்து வீடு பக்கத்திலேயே இருக்கும். பையனை எடுத்துக்கொண்டவன் பெயர் கிடைத்தால் தோட்டத்தில் போய் விசாரிக்கலாம். இதைச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"லயத்துல உங்க வீடு எங்க இருந்தது?"

"அஞ்சாவது லயத்துல கடைசி வீடுங்க. குழாய்க்குப் பக்கத்துல."

கடைசி வீடு என்றால் பக்கத்து வீடு ஒன்றுதான். நல்லதாகப் போயிற்று.

பழைய கட்டுகள் ஆபீஸின் பின்னறையில் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போனேன். கிள்ளான் கட்டின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. கோணப்பாலத்துப் புத்தகம் தப்பியிருந்தது. முதல் பக்கத்திலேயே என் கையெழுத்து, அந்த வயதுக்கே உரிய கொம்பும் வாலுமாக. ஐந்தாவது லயத்தின் கடைசி வீட்டில் ஒரு விதவை, பால்வெட்டுக்காரி. கீழே மகள், வயது ஒன்பது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும், பிள்ளை இல்லை.

மகளுக்குக் கீழே மகன் இல்லாததை நான் பார்த்தேன். என்ன நடந்திருக்கும் என்று உடனே புரிந்தது. அந்த வீட்டை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், முடியவில்லை. எத்தனையோ தூளிகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரன் பெயரை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, தோட்டத்துக்கு வழியும் எழுதி, சாயங்காலம் அவளிடம் கொடுத்தேன். தம்பி பெயர் புத்தகத்தில் இல்லை என்று சொல்லவில்லை. ஆள் கிடைத்துவிட்டால் புத்தகம் யாருக்கு வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பின்பக்கம் அவள் காத்திருப்பதாகப் பியூன் வந்து சொன்னான். புருஷன் தள்ளி மரத்தடியில் நின்றான்.

"பாதி லயம் பூட்டிக் கெடக்குதுங்க. ஒரு காவக்காரரு மட்டும் இருந்தாரு. நீங்க எழுதிக் குடுத்த ஆள அவருக்குத் தெரியுது. போன வருசமே அவங்க கப்பலேறிட்டாங்களாம்."

"தம்பியையும் கூட்டிட்டுப் போனாங்களா?"

"ரெண்டு பேராத்தான் போனாங்களாம். பையன் ஒருத்தன் இருந்தானான்னே அவருக்குத் தெரியல. செக்ரோல்ல, அந்தக் கூலிப் பேரேட்டுல, இருந்தா தெரியும்னாரு. வேல செய்யாத புள்ள பேரு செக்ரோல்ல எப்பிடிங்க இருக்கும்?"

பையன் செத்திருக்கலாம். வேறு யாரோடாவது வேறு தோட்டத்துக்குப் போயிருக்கலாம். பதினோரு வயதுப் பையன் சிலாங்கூரில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவளும் இதையெல்லாம் ரயிலில் யோசித்துக்கொண்டேதான் வந்திருப்பாள்.

"அந்தப் புத்தகத்த ஒரு தடவ காட்டுங்கய்யா. அம்மா பேர நான் பாத்ததே இல்ல."

இது கூடாதுதான். ஆனாலும் உள்ளே போய் எடுத்து வந்து, பின்வராந்தாவில் அவள் முன்னால் விரித்தேன். இது உன் அம்மா, இது நீ என்று விரல் வைத்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தாள்.

"தம்பி?"

"இல்லம்மா. உங்கம்மா சொல்லல."

அவள் விரல் அந்த வரியிலேயே இருந்தது. பிறகு சொன்னாள்.

"நாந்தான் தூக்கிட்டுப் போனேன். கணக்கெழுதுறவரு வராரு, அவன எண்ணிட்டாருன்னா தங்கமாட்டான்னு அம்மா சொல்லிச்சு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், அவரு போறவரைக்கும்."

அந்த 'அவரு' நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"இப்ப எழுதிடுங்கய்யா."

"என்னத்த?"

"தம்பி பேர. எம் பேருக்குக் கீழ எடம் இருக்குல்ல? என்னைக்காச்சும் அவன் வந்து கேப்பான். நான் வந்து கேக்கலையா, அந்த மாதிரி. அம்மா இன்னாரு, அக்கா ஒருத்தி இருந்தா, அவ நம்மளத் தேடியிருக்கான்னு தெரிஞ்சுக்கட்டும். நான் இந்த மண்ணுல வேற யார்கிட்டங்க சொல்லிட்டுப் போறது?"

தம்பியின் பெயரைச் சொன்னாள். மெதுவாக, நான் எழுதுவதற்கு வசதியாக, இரண்டு தடவை சொன்னாள்.

நான் சட்டம் பேசினேன். இது அரசாங்கப் புத்தகம், முடிந்துபோன கணக்கு, இதில் ஒரு புள்ளி வைத்தாலும் குற்றம், என் வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போக நேரும் என்றெல்லாம் அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பின்வராந்தாவில் எங்களைப் பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை, பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. எனக்குப் பயம். ஆள் குறைக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று மேலே காத்திருக்கிறார்கள் என்ற பயம். சட்டம் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டை.

அவள் கெஞ்சவில்லை. "சரிங்கய்யா" என்றாள். எங்கள் ஜனங்களின் இந்த 'சரிங்கய்யா'வைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் எழுதியிருப்பேனோ என்னவோ. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கப்பல் போயிற்று.

அதற்கு மூன்று வாரம் கழித்து, புதுக் கட்டுகளை வைக்க இடம் போதவில்லை, பழையதை எரித்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. பெரிய கிராணி பட்டியல் படித்தார், நான் டிக் போட்டேன். ஆபீஸுக்குப் பின்னால் குழி வெட்டி இரண்டு நாள் எரித்தோம். கிள்ளான் கட்டை நானும் பியூனும்தான் தூக்கிப் போட்டோம். தடித்த அட்டை என்பதால் சீக்கிரம் தீப்பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க எழுதியிருந்தாலும் சாம்பலாத்தானே போயிருக்கும், விடுங்க" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் புத்தகம் எரிந்ததைக் கப்பலில் போனவளிடம் யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? நான் எழுதியிருந்தால், தம்பி பெயர் புத்தகத்தில் இருக்கிறது, என்றைக்காவது வந்து பார்ப்பான் என்ற நினைப்போடு அவள் கப்பலேறியிருப்பாள். சாகும்வரை அதை நம்பிக்கொண்டு இருந்திருப்பாள். நான் அதைக்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை.