கப்பல் நமக்காக நிற்காது

துறைமுகத்தில் இறங்கியதும் எல்லோரும் ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் திரும்பி உங்கள் கப்பலைப் பாருங்கள் என்பேன் நான். எந்த மேடையில் நிற்கிறது, பக்கத்தில் என்ன கட்டடம், வெளிவாசல் எந்தப் பக்கம் என்று மனசில் வாங்கிக்கொண்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒற்றையாக நின்ற கப்பலுக்குப் பக்கத்தில் மாலையில் அதே மாதிரி இன்னும் இரண்டு வந்து நிற்கும். எல்லாமே வெள்ளை, எல்லாமே பத்துப் பன்னிரண்டு மாடி. தப்பான கப்பலின் படியில் நின்று தங்கள் கப்பல் அட்டையை நீட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. மகள் பார்சிலோனாவுக்கு வேலைக்குப் போனாள். நான் ஓய்வு பெற்றதும் எங்களை அங்கே வரவழைத்து, ஒரு வாரம் மத்தியதரைக் கடலைச் சுற்றுகிற கப்பலில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டாள். திரும்பி வந்ததிலிருந்து நான் ஒரு நிபுணன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் இப்போது நிறைய. ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். காபி கொண்டுவந்து வைக்கும்போது என் மனைவி, "ஊருக்குத்தான் உபதேசம்" என்று பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிக்கொண்டு உள்ளே போவாள். அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கப்பல்காரர்களே ஒவ்வொரு ஊரிலும் சுற்றுலா ஏற்பாடு செய்கிறார்கள். ஒரு கொடி, அதன் பின்னால் ஐம்பது பேர். அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் நம் இஷ்டப்படி பார்க்கலாம், ஆனால் தாமதமானால் கப்பல் போய்விடும். மகள், "அந்தக் கொடி பின்னாடி போவாதீங்க, நீங்களே சுத்திப் பாருங்க, நல்லா இருக்கும். லேட்டா மட்டும் வராதீங்க, கப்பல் போயிடும்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் சொன்னதில் 'நல்லா இருக்கும்' என் மனைவியின் காதில் விழுந்தது. 'கப்பல் போய்விடும்' என் காதில் விழுந்தது.

என் வேலை அப்படி. வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன், கடைசிப் பாதி ஷிஃப்ட் இன்சார்ஜ். சங்கு ஊதி ஐந்து நிமிஷத்தில் கேட்டை மூடிவிடுவார்கள். நான் ஒருநாள்கூட மூடிய கேட்டுக்கு வெளியே நின்றதில்லை. நின்றவர்களைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்ததும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் துறைமுகம் மார்செய். அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன்: அட்டவணையில் ஊர்ப் பெயர் போட்டிருந்தால் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கும் என்று அர்த்தமில்லை. சரக்குக் கிடங்குகளைத் தாண்டி வெகுதூரம் பஸ்ஸில் போனால்தான் நகரம் வருகிறது. கப்பல் ஆறு மணிக்கு. நான் இரண்டு மணிக்கே மனைவியைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த நாள் ஜெனோவா, இறங்கி நடந்தால் ஊர். அங்கேயும் இரண்டு மணிக்குத் திரும்பினோம். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே மலைச்சரிவில் ஏறிப்போகிற வீடுகளையும் சந்துகளையும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஊரப் பாக்க வந்தமா, கப்பலுக்குக் காவல் இருக்க வந்தமாங்க?"

"லேட்டானா யாரு பதில் சொல்றது?"

"நாலு மணி நேரம் முன்னாடி வந்ததுக்கு யாரு பதில் சொல்றாங்க?"

பார்த்தவரைக்கும் போதும் என்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அவள் இந்தப் பயணத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. வேப்பனப்பள்ளிப் பக்கம் அவர்கள் வீட்டில் மாங்கன்று உற்பத்தி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டிய கை அவளுடையது. கப்பல் ஏறிய அன்று அறையில் இருந்த டிவியில் ஒரு படம் ஓடியது. நேப்பிள்ஸ் பக்கத்தில் சொரெண்டோ என்கிற ஊர். மலைச்சரிவில் கழிகளை நட்டு, மேலே வலை கட்டி, அடியில் எலுமிச்சைத் தோப்பு. ஒவ்வொரு பழமும் கைக்கு அடங்காத பருமன். "இத நான் பாக்கணும். ஒட்டா, வெதையான்னு தெரியணும்" என்றாள். "பாக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் நான் 'பாக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். நேப்பிள்ஸிலிருந்து அந்த ஊருக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில், அந்த ரயில் சொன்ன நேரத்துக்கு வராது என்று நான் ஏற்கெனவே படித்து வைத்திருந்தேன்.

நடுவில் ரோம் வந்தது. ரோம் என்பது பெயருக்குத்தான். துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போகவேண்டும். போனோம், பார்த்தோம், வழக்கம்போல் முன்கூட்டியே திரும்பினோம். துறைமுக வாசலிலிருந்து கப்பல் வரைக்கும் இலவச பஸ் விடுகிறார்கள். ஒன்று புறப்படத் தயாராக நின்றது, கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி முழங்கால் வலியோடு ஐம்பதடி பின்னால் வந்துகொண்டிருந்தாள். நான் என்ன செய்திருப்பேன் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒருதரம் ஏறி இறங்கியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஓடிப்போய் ஏறினேன். இரண்டு பேர் உட்காருகிற சீட்டில் பையை வைத்தேன். இடம் நம்முடையதாகிவிட்டது. அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவர இறங்கினேன்.

கதவு மூடியது. பஸ் கிளம்பியது.

நான் பின்னாலேயே ஓடினேன். ஓசூர்க்காரனுக்குத் தெரியாத ஊர் டிரைவர் என்றால் வாய் தானாகக் கன்னடத்துக்குப் போய்விடும். "நில்லிசி! நில்லிசி!" என்று இத்தாலி தேசத்தில் கத்திக்கொண்டு ஓடினேன். எவனும் நிறுத்தவில்லை. பையில் ஒரு ஸ்வெட்டர், மாத்திரை டப்பா, எங்கள் இரண்டு பேருடைய கப்பல் அட்டைகள். அட்டை இல்லாமல் வாசலில் உள்ளே விடமாட்டார்கள். அவளுடையதையும் நான்தான் வைத்திருந்தேன். ரேஷன் கார்டிலிருந்து எல்லாம் எங்கள் வீட்டில் என்னிடம்தான் இருக்கும்.

அடுத்த பஸ்ஸுக்காக அரை மணி நேரம் ஒரு கல் திட்டில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் பதறவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு அந்த எலுமிச்சத் தோப்புக்கு நான் ஒருத்தியே போறன். நீங்க கப்பல்லயே இருங்க. பை வந்ததும் என் அட்டைய எங்கிட்டக் குடுத்துடுங்க."

"ஒருத்தியேவா? பாஷை தெரியுமா உனக்கு?"

"உங்க கன்னடம் வேல செஞ்ச மாதிரி என் தெலுங்கும் செய்யும்."

அதே பஸ் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்தது. பை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை என்பதைக் கவனித்தேன். கம்பெனி பஸ்ஸில்கூட என் பைக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

காலையில் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தேன். மாறவில்லை. கப்பலில் தினமும் ஒரு தகவல் தாள் கொடுப்பார்கள். அதில் அந்தத் துறைமுகத்தில் கப்பலுக்குப் பொறுப்பான ஏஜென்டின் போன் நம்பர் இருக்கும். அதை, கப்பலின் பெயரை, மேடையின் பெயரை, 'ஐந்தரைக்குள் ஏறவேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். போன் எண்களையெல்லாம் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு காகிதமும் இருக்கட்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அந்த ஊரில் வேலை செய்கிற சிம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் என் போனில். "இத நீ எடுத்துட்டுப் போ" என்று நீட்டினேன். "அப்பறம் நீங்க நிமிசத்துக்கு ஒருதரம் யாருகிட்டனா வாங்கிப் போன் பண்ணுவீங்க" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டாள். நாலு மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். எட்டரைக்கு இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நேப்பிள்ஸ் இறங்கினதும் ஊர்தான். எதிரிலேயே கோட்டை, பத்து நிமிஷ நடையில் கடைத்தெரு. இப்படிப்பட்ட துறைமுகத்தில் எதற்கும் பஸ் தேவையில்லை, நல்ல செருப்புப் போதும். ஒரு கடையில் நின்றுகொண்டே மடித்துக் கொடுத்த பீட்சாவைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லாததால் பாதியில் அலுத்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்துக்கே வந்து உட்கார்ந்தேன்.

நாலு மணி ஆயிற்று. ஸ்டேஷனிலிருந்து வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். நாலரை ஆயிற்று. ஜோடி ஜோடியாக ஆட்கள் வந்தார்கள், அவள் இல்லை. நாலே முக்காலுக்கு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் மூச்சு வாங்க ஓடிவந்தது. ரயில் எங்கேயோ நின்றுவிட்டதாம், டாக்ஸி பிடித்து வந்தார்களாம். ஒருத்தியே, பாஷை தெரியாத ஊரில், நின்றுபோன ரயிலில். முழங்கால் வலி வேறு.

ஐந்து மணிக்கு நான் கப்பலுக்குள் போனேன். அறையில் பெட்டகத்தைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்தேன். அவளுடைய பிரஷர் மாத்திரை, ஒரு சேலை, ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டேன். படியில் நின்ற பெண் என் அட்டையை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐந்தரைக்குள் வந்துவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கி மறுபடி வாசலில் வந்து நின்றேன். பயமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவள் வராமல் அந்தப் படியில் நான் கால் வைக்கப்போவதில்லை என்பதில் குழப்பமே இல்லை. கப்பல் போகட்டும். அதற்கப்புறம் ரயிலோ பஸ்ஸோ ஏதோ ஒன்றில் இரண்டு பேருமாக மகள் வீடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

"என்னாங்க, வெளிய நிக்கறீங்க?"

குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. நான் ஊரைப் பார்த்து நிற்கிறேன், அவள் கடல் பக்கமிருந்து நடந்து வருகிறாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கையில் ஒரு துணிப்பை, அதற்கு வெளியே ஒரு எலுமிச்சை இலை நீட்டிக்கொண்டிருந்தது. மணி ஐந்து பத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது, இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சொரெண்டோ ஸ்டேஷனில் ரயில் வராது என்று தெரிந்ததும் அவள் அங்கே உட்காரவில்லை. குழந்தைகளோடு நின்ற ஒரு அம்மா கீழே கடலைப் பார்த்து நடக்கிறாள், இவளும் அவள் பின்னாலேயே இறங்கிப்போய்ப் படகுக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறாள். அந்தப் படகு பெரிய கப்பல்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. ரயிலைவிட விலை கூடுதல், ஆனால் ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்கு அலைய வேண்டியதில்லை. இன்று நான் எல்லோருக்கும் சொல்கிற யோசனைகளில் ஆகச் சிறந்தது இதுதான், இது அவளுடையது.

"பாத்தியா தோப்ப?" என்றேன்.

"ஊருக்கு நடுவுலியே ஒரு தோப்புங்க, யாரு வேணா உள்ள போலாம். ஒட்டுதான். ஒட்டுக்குக் கீழ அடிமரத்துல ஒரு போத்து மொளச்சிருந்தது, கிள்ளி மோந்து பாத்தன். நாரத்த மாதிரி கசப்பு வாசன. கீழ அந்தக் கசப்பு மரம், மேல எலுமிச்ச. அங்க வேல செய்யறவருகிட்ட ஒட்டுப் போட்ட எடத்தத் தொட்டுக் காட்டனன். நான் தெலுங்குல சொல்றன், அவரு அவரு பாஷையில சொல்றாரு, ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியுது. கத்திய எங்கையில குடுத்து ஒட்டுக் கட்டிக் காட்டச் சொன்னாருங்க. கட்டனன். கை மறக்கவே இல்ல."

இவ்வளவு பேச்சு ஒரே மூச்சில் அவள் பேசி நான் கேட்டதில்லை. அப்போதுதான் என் கையைக் கவனித்தாள். மடித்த சேலை, ஸ்வெட்டர், மாத்திரை, அதன் மேல் இரண்டு பாஸ்போர்ட்.

"இது என்னாத்துக்கு?"

"நீ வர்லன்னா கப்பல் போவட்டும்னுதான். உன்ன உட்டுட்டு நான் மட்டும் ஏறுவனா?"

பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கித் தன் பையில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி கேட்டாள்.

"கப்பலயே உடத் தயாரா இருந்தவரு, காலையில எங்கூட வந்திருக்கலாமில்லிங்க?"

லேட்டாக வந்த எத்தனையோ பேருக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன். எனக்கு வந்தது அது ஒன்றுதான்.