சாய்த்து மாட்டிய போன்

எங்கள் அலுவலகத்தில் எந்த ஆப்பும் கெட்டுப்போனதே கிடையாது. கெட்டுப்போவதெல்லாம் அதைப் பயன்படுத்துகிற ஜனங்கள்தான். இது எங்கள் மேனேஜரின் கொள்கை. பெங்களூரில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு நாமக்கல்லுக்குத் திரும்பியவர். லாரிக்காரர்களுக்கு ஆப் செய்து தருவதே தன் பெரிய மனசு என்று நினைப்பு.

கோழித்தீவனம் ஏற்றும் ஒரு லாரி ஓனருக்கு ஆப் செய்து கொடுத்தோம். டிரைவர் பண்ணைக்குப் போனதும் 'வந்தாச்சு' என்று அமுக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் பில்லைப் படம் பிடிக்க வேண்டும். அதற்கடுத்த பக்கத்தில் 'இறக்கியாச்சு'. மூன்றும் முடிந்தால்தான் ஓனருக்குத் தகவல் போகும். ஒரு டிரைவருக்கு மட்டும், படம் பிடிக்கப் போனால் ஆப் முதல் பக்கத்துக்கே ஓடிவிடும். தீவனம் இறங்கி நேரமான பிறகும் ஓனரின் போனில் வண்டி பரமத்தி வேலூர் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் தனக்குத் தெரியாமல் வெளி லோடு அடித்துக் காசு பார்க்கிறான் என்று ஓனர் முடிவுகட்டி, வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த டிரைவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நான் எங்கயும் போவுலீங்க. ஆப்புலதான் கோளாறுன்னு ஓனர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

மேனேஜர் தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். அதில் சிமுலேட்டர், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் பொய் போன். அதற்கு பேட்டரி தீராது, சிக்னல் போகாது, வேர்த்த கை படாது. அதில் எல்லாப் பக்கமும் வரிசையாக வந்தது. மேசை டிராயரில் கிடந்த நிஜ போன்களிலும் வந்தது. டிரைவரின் போனையே வாங்கி மேசைமேல் வைத்து அமுக்கினோம், அதிலும் வந்துவிட்டது.

"பாத்தீங்களா? அமுக்கத் தெரியோணும்" என்று சிரித்தார் மேனேஜர்.

அந்த மனுசன் முகம் செத்துப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆப்பில் பாதியை எழுதியவள் நான். மேனேஜரின் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் டிரைவரையும் வரச்சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓனரின் ஷெட்டுக்கே போனேன். சாவி தரமாட்டேன், கேபினில் ஏறிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஓனர். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும், ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டில் போனைக் குறுக்காக மாட்டினார். மேப் அகலமாகத் தெரியுமாம். அப்படியே 'வந்தாச்சு' என்று அமுக்கினார். பில்லைப் படம் பிடிக்க போனை உருவி நிமிர்த்தினார். முதல் பக்கம் வந்து நின்றது. மறுபடி ஸ்டாண்டில் மாட்டி முதலிலிருந்து ஆரம்பித்தார், மறுபடியும் அதே கதை.

கேபினிலேயே கத்திவிட்டேன். போனைத் திருப்பினால் ஆண்ட்ராய்டு திரையைக் கலைத்துவிட்டு மறுபடி வரையும். எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதை எங்கள் மகா ஆப் எங்கேயும் நினைவில் வைக்கவில்லை. சிமுலேட்டரைக்கூட ஒரு பட்டனில் திருப்பலாம். அலுவலகத்தில் இத்தனை படித்த தலைகள் இருந்தும் ஒன்றுக்கும் அது தோன்றவில்லை. மாதக்கணக்கில் நிமிர்ந்து நின்ற போனையே பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே சரிசெய்தேன். மேனேஜர் ஓனரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"டிரைவருக்கு டிரெயினிங் குடுத்துட்டோங்க. இனிமே பிரச்சனை வராதுங்க."

என்ன கூசாத வாய்! நான் குனிந்து அந்த போனுக்குள்ளேயே சொன்னேன்.

"அண்ணா, டிரைவர் மேல தப்பே இல்லீங்க. ஆப்புலதான் தப்பு. நாங்க பண்ணுனதுங்க."

ஓனரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"அப்ப அந்தாளு சொன்னதெல்லாம் நெசந்தானுங்களா?"

"அத்தனையும் நெசந்தானுங்க."

கிளையன்ட்டிடம் மானத்தை வாங்கிவிட்டேன் என்று மேனேஜர் சாயங்காலம்வரை குதித்தார். இருந்தால்தானே வாங்க முடியும் என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிரைவர் போனில் கூப்பிட்டார். சாவி கைக்கு வந்துவிட்டதாம். குரல் இன்னும் தாழ்ந்துதான் இருந்தது.

"ஸ்டாண்டக் கழட்டி வீசிட்டனுங்க. நான் குறுக்க மாட்டுனதாலதான இத்தன ரோதன."

தோளில் மாட்டிய பையை மேசைமேல் இறக்கினேன்.

"போய் எடுத்து மாட்டுங்கண்ணா. முன்ன மாதிரியே குறுக்க மாட்டுங்க."