மகேசுவுக்கு நான் சொன்ன மென்பொருள்

என் சித்தப்பா மகளின் ஒரு வருஷத்தை நான் பாழாக்கினேன். தெரியாமல் செய்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். தெரிந்துதான் செய்தேன்.

ஏதோ பெரிய துரோகம் என்று நினைப்பீர்கள். படம் வரையும் மென்பொருளில் கோரல் படிப்பதா, இல்லஸ்ட்ரேட்டர் படிப்பதா என்று அவள் கேட்டாள். நான் ஒன்றைச் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான்... அவ்வளவுதானா?

கடலூர் முதுநகரை ஒட்டிய ஒரு குப்பம் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். சிதம்பரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரி முடித்த முதல் ஆளும் நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

நான் பட்டம் வாங்கிய பிறகு எங்கள் சொந்தத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பிள்ளையை எந்தப் பள்ளியில் போடலாம், எந்த வலைக்கடைக்காரன் சொல்வதை நம்பலாம், எதுவானாலும் "படிச்ச பொண்ணக் கேளு" என்பார்கள். பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த காரியம்கூட நான் முகம் சுளித்தால் நின்றுவிடும். எனக்குத் தெரியாதவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். "தெரியாது" என்று சொல்லிவிட்டால், என்னைப் படிக்கவைக்க அப்பா பட்ட பாடெல்லாம் வீண் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். பயமா, பெருமையா? இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை ஒன்றில் சேர்ந்தேன். மஞ்சள் நீராட்டு விழா, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, வார்டு கவுன்சிலர் பிறந்தநாள். எல்லாம் கோரலில்தான். பத்தாவதோடு நின்றுவிட்ட பெண்கள் என் பக்கத்து நாற்காலிகளில் அதே வேலையைச் செய்தார்கள்.

வீட்டில் என்ன வேலை என்று கேட்டபோது, "டிசைன் கம்பெனி" என்றேன். சித்தப்பா அதை மீன் ஏலம் விடும் இடத்துக்குக் கொண்டுபோனார். "எங்கண்ணன் பொண்ணு சிதம்பரத்துல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்குது" என்று அங்கே எல்லோரிடமும் சொன்னார். நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

சித்தப்பாவின் மகள் மகேஸ்வரி, எங்களுக்கு மகேசு. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கையில் எது கிடைத்தாலும் அதில் படம் வரைவாள். பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்த அவளுடைய தாய்மாமன் வீட்டில் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவளோ வேலைக்குப் போக வேண்டும் என்று அழுதாள். கடைசியில் சித்தப்பா இறங்கி வந்தார். தை மாதம் வரை தவணை. அதற்குள் ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால், அவளாக வாய் திறக்கும்வரை கல்யாணப் பேச்சு இல்லை. வேலை இல்லையென்றால் தையில் தாலி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிடச் சம்மதித்தார். அங்கே இரண்டும் சொல்லித் தந்தார்கள். கையிலிருந்த பணத்துக்கு ஏதாவது ஒன்றில்தான் சேர முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வந்து உட்கார்ந்தார். "எனக்கு இதெல்லாம் என்னா தெரியும்? நீ சொல்றதுதாம்மா முடிவு" என்றார்.

மகேசு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "கடைங்கள்ல எல்லாம் கோரல்தான் இருக்குதுன்னு சென்டர் சார் சொல்றாருக்கா. இல்லஸ்ட்ரேட்டர் பெரிய ஊருக்குத்தான் ஆவுமாம். நீ கம்பெனில எதுல பண்ற?"

எந்த மென்பொருள் நல்லது என்று மட்டும் அவள் கேட்டிருந்தால் ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது என்னைப் பற்றி. கோரல் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். கடையில் இருப்பதுதான் உங்கள் கம்பெனியிலுமா என்று சித்தப்பா கேட்பார்.

"இல்லஸ்ட்ரேட்டர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கோரல் எல்லாம் பிளெக்ஸ் கடைக்குத்தான்டி" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மகேசு சிரித்தாள். "அய்யோ, சாவு போஸ்டர் அடிக்கவா எங்கப்பா என்னைப் படிக்க வக்கிறாரு? இல்லஸ்ட்ரேட்டரே சேந்துடறேன்."

முந்தின நாள் சாயங்காலம்தான் நான் ஒரு கண்ணீர் அஞ்சலியை முடித்துக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறியிருந்தேன்.

இல்லஸ்ட்ரேட்டர் நல்ல மென்பொருள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மகேசுவைச் சென்னைக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். காலையில் பேருந்து ஏறி, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில்தான் அவளுக்கு வேலை. அந்தத் தூரத்துக்குள் இருந்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடைகளும் பிளெக்ஸ் கடைகளும்தான். அங்கே பல வருஷத்துக் கோப்புகளும் தமிழ் எழுத்துருக்களும் கோரலுக்காகவே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்!

என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. காசு கொடுக்காமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளை அதில் போட்டுக் கொடுத்து, "கொஞ்ச நாள் இதுல வரைஞ்சு பாரு, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றாவது சொல்லியிருக்கலாம். கோட்டை வளைக்கக் கை பழகிவிட்டால் எந்த மென்பொருளுக்கும் மாறிக்கொள்ளலாம். அதுவும் எனக்குத் தெரியும்.

மகேசு நன்றாகவே படித்தாள். வரைந்ததையெல்லாம் எனக்கு அனுப்புவாள். ஒரு நாள் ஒரு நண்டு வந்தது. ஓட்டின் மேலிருந்த புள்ளிகளும் கால்களின் மடிப்பும் உயிரோடு இருப்பதுபோல் இருந்தன. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி வரைய வராது. "நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதினேன். வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை. பொறாமை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

படிப்பு முடிந்ததும் வேலை தேடத் தொடங்கினாள். திருப்பாதிரிப்புலியூர்க் கடைகளில் ஏறி இறங்கிவிட்டு எனக்குப் போன் செய்வாள்.

"கோரல் தெரியுமாம்மான்னு கேக்குறாங்கக்கா. தெரியாதுன்னா, சரிம்மா சொல்லி அனுப்புறோம்ங்குறாங்க. ஒருத்தரு மட்டும் உக்கார வச்சு ஒரு போஸ்டர் போடச் சொன்னாரு. தமிழ் எழுத்து எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. பக்கத்துல இருந்த பசங்க சிரிக்கிறாங்க."

"இன்னும் நாலு எடம் பாரு" என்றேன்.

"உங்க கம்பெனில கேட்டுப் பாக்குறியா?"

"அங்க இப்ப ஆள் எடுக்கல."

இனி சொல்லப்போவதுதான் பெரியது. முதலில் சொன்னதையாவது வாய் தவறி வந்தது என்று எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம்.

அந்த மாதமே எங்கள் கடையில் ஒரு பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "உங்க ஊர்ப் பக்கம் பொண்ணு யாரும் இருந்தா சொல்லும்மா. கோரல் தெரியலன்னாலும் பரவால்ல. கைவேலை சுத்தமா இருந்தா ரெண்டு வாரத்துல நாமளே கத்துக் குடுத்துடலாம்."

கடலூரிலிருந்து சிதம்பரம் எவ்வளவு தூரம்? நான் இருக்கிற ஊர் என்றால் சித்தப்பா மறுபேச்சுப் பேச மாட்டார். மகேசு எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தை மாதம் வந்தது தெரியாமல் போயிருக்கும்.

ஆனால் அவள் கடைக்குள் கால் வைத்த நிமிஷமே பார்த்துவிடுவாள். கம்பெனியையும், அதன் வாசலில் காயப் போட்டிருக்கும் கண்ணீர் அஞ்சலியையும், கோரல் திறந்திருக்கும் என் திரையையும்...

"யாரும் இல்லண்ணா" என்றேன்.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முதலாளி சொன்னதுபோல இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

பெண் கேட்ட தாய்மாமன் வீட்டிலேயே மகேசுவின் கல்யாணம் தை மாதத்துக்கு நிச்சயமானது. பத்திரிகையை நானே செய்து தருவதாகச் சொன்னேன். கடை வேலைக்கு நடுவில் செய்து, படமாக அவளுக்கு அனுப்பினேன். அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஓரத்துல மட்டும் நானே ஒண்ணு வரைஞ்சு வச்சுக்கிறேன்க்கா. பைலை அனுப்பு. சென்டர் சிஸ்டத்துல உக்காந்து பண்ணிடறேன்" என்றாள்.

கோப்பை அனுப்பினேன். அச்சகத்துக்கு அனுப்புகிற பழக்கத்தில், எதையும் மாற்றாமல், கோரலில் இருந்தது இருந்தபடியே அனுப்பிவிட்டேன்.

சற்று நேரத்தில் போன் வந்தது. "இல்லஸ்ட்ரேட்டர்ல தொறக்க மாட்டேங்குதுக்கா."

"மறுபடியும் டவுன்லோடு பண்ணிப் பாரு."

அந்தப் பக்கம் மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சிடிஆர்னு இருக்குது" என்றாள்.

சிடிஆர் என்பது கோரல் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வால். அது எதனுடையது என்று கடை கடையாக ஏறி இறங்கிய அவளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் என்னவோ உளறினேன். பத்திரிகை அச்சிடுகிறவர்களுக்காக மாற்றினோம், கம்பெனியில் அதற்கென்று ஒரு சிஸ்டம் தனியாக இருக்கிறது...

"ம்" என்றாள். "சரிக்கா. ஓரத்துல ஒண்ணும் வேணாம். நீ பண்ணாப்லயே அடிச்சுடட்டும்."

இல்லஸ்ட்ரேட்டரில் திறக்கும்படி மாற்றி அனுப்ப எனக்கு இரண்டு நிமிஷம் போதும். அனுப்பவில்லை. அனுப்பினால் அந்தப் பேச்சு மறுபடியும் தொடங்குமே என்று இருந்துவிட்டேன். பத்திரிகை வெறும் ஓரத்தோடு அச்சாகி வந்தது.

கல்யாணத்தன்று அவள் என்னைத் தேடிப் பிடித்து மேடைக்கு அழைத்து, தன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டாள். என்னைத் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதிருந்தால் சொல்லியும் இருப்பேன். அவள் திட்டவில்லை. அவளுக்குப் புரிந்திருக்காது என்று நெடுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர் நல்ல மனிதர். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த நல்ல மனிதரை எப்போது கட்டிக்கொள்வது என்பதை அவள் முடிவு செய்திருக்க வேண்டும். அவளுக்காக அதை முடிவு செய்தது என் வாய்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார். "மகேசுக்குப் புதுசா ஒரு போன் வாங்கணும். எது வாங்கலாம்? நீங்க கம்பெனில இருக்கறவங்க, சொல்லுங்க."

நான் நிமிர்ந்தேன். பதிலும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. போனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வந்துவிட்டது.

மகேசு எனக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "அக்காவை ஏன் மாமா கேக்குற? நாமளே கடைக்குப் போயி கையில வாங்கிப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. என் முகத்தை அவள் பார்க்கவும் இல்லை. கம்பெனி என்று அவர் சொன்னதை அவள் திருத்தவில்லை.

"சாப்புடுக்கா. முள்ளு ஜாஸ்தி, பாத்து" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.